நெஞ்சுக்குள் கருவி, கையில் காந்தம்: வலிப்புக்கு வி.என்.எஸ். வைத்துக்கொண்டவர்கள் அனுபவம்

திருநெல்வேலியிலிருந்து ஓர் அம்மா:

என் மகனுக்கு வலிப்பு வந்தால் மாமியார் முதலில் தேடுவது சாவிக்கொத்தைத்தான். "கையில இரும்பக் குடுங்க" என்பார். அதனால் ஒரு பயனும் இல்லை, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள் என்று நரம்பியல் டாக்டர் எத்தனை முறை சொல்லியும் கேட்கவில்லை.

நாலு வகை மாத்திரை போட்டும் வாரத்துக்கு நாலைந்து தடவை விழுந்துகொண்டிருந்தான். திருவனந்தபுரத்தில் வீடியோ இ.இ.ஜி. (ஆளை வீடியோ எடுத்துக்கொண்டே மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்வது) எடுத்ததில் வலிப்பு மூளையின் இரண்டு பக்கமும் கிளம்புகிறது, வெட்டி எடுக்க முடியாது என்றார்கள். அப்புறம்தான் இந்த வி.என்.எஸ். கருவிப் பேச்சு. மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கும் வேகஸ் நரம்புக்கு அவ்வப்போது லேசான கரண்ட் கொடுத்து வலிப்பைக் குறைக்கப் பார்க்கும் கருவி அது. புதுச் சோதனையோ என்று பயந்தேன். 1988-லேயே முதல் நோயாளிக்கு வைத்தாயிற்று, 1997-ல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்துவிட்டது என்று தெரிந்தபின் தலையாட்டினேன்.

இடது காறை எலும்புக்குக் கீழே பேட்டரி. அதிலிருந்து ஒரு ஒயர் கழுத்தில் இடது வேகஸ் நரம்பைச் சுற்றி இருக்கும். வலது பக்க நரம்பு இதயத் துடிப்போடு அதிகம் சம்பந்தப்பட்டதாம், அதனால் இடது. இரண்டு வாரம் கழித்து 0.25 மில்லி ஆம்பியரில் தொடங்கி, ஒவ்வொரு முறை போகும்போதும் கொஞ்சம் கூட்டினார்கள். 30 விநாடி கரண்ட், 5 நிமிடம் ஓய்வு. தூங்கும்போதும் இதேதான்.

கடைசியில் டாக்டர் ஒரு காந்தத்தை எடுத்து நீட்டினார். வலிப்பு வரும்போது கருவி மேல் ஒரு தடவை இழுத்தால் கூடுதலாக ஒரு கரண்ட் போகும். மாமியார் முகத்தில் வந்த வெற்றிச் சிரிப்பு இருக்கிறதே! "நான் சொன்னப்ப சிரிச்சீங்க. இப்ப டாக்டரே குடுத்துட்டார்ல?"

இரண்டு வருடம் ஆகிறது. இப்போது மாதத்துக்கு இரண்டோ மூன்றோ. காந்தம் சில நேரம் கேட்கும், சில நேரம் கேட்காது. மாத்திரையில் ஒன்றுதான் குறைந்திருக்கிறது.

கரூரிலிருந்து ஒரு தமிழாசிரியர்:

குரலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கரண்ட் ஓடும் அந்த 30 விநாடியும் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். குரல்வளைக்குப் போகும் நரம்பும் வேகஸின் கிளைதானே. வகுப்பில் பாட்டை நிறுத்தினால் பிள்ளைகள் "சாருக்கு இன்டர்வல்" என்று சிரிப்பார்கள்.

மார்கழியில் கோயிலில் திருப்பாவை பாடுவேன். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, காந்தத்தைக் கருவி மேல் வைத்து பிளாஸ்திரி ஒட்டிவிடுவேன். எடுக்கும்வரை கருவி ஓடாது. ஆனால் அந்த நேரத்துக்குப் பாதுகாப்பும் கிடையாது. ஒருநாள் எடுக்க மறந்து, பிரசாத வரிசையிலேயே விழுந்தேன்.

ஓர் அப்பா:

எங்கள் மகளுக்குப் பெரிதாகக் குறையவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். விழுந்து எழுந்தபின் வரும் மந்தம் மட்டும் சீக்கிரம் தெளிகிறது. லட்சக்கணக்கில் செலவழித்தது இதற்கா என்று சில நாள் தோன்றும்.

முதுகு வலிக்காக பிசியோதெரபி போனபோது ஷார்ட்வேவ் டயதர்மி (ரேடியோ அலையால் உடம்புக்குள் சூடு கொடுப்பது) வைக்கப் பார்த்தார்கள். கருவி உள்ளவர்களுக்கு அது கூடவே கூடாது, ஒயர் சூடாகி நரம்பு கெடும். நல்லவேளை, கருவி இருப்பதைச் சொல்லும் அட்டையைக் காட்டினோம். எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன்பும் காட்டுங்கள். காந்தத்தை எங்கே வைக்கிறீர்கள்? என் பர்ஸில் வைத்து ஏ.டி.எம். கார்டு போய்விட்டது.

திருநெல்வேலி அம்மா:

ஒன்று மகனின் பெல்ட்டில். இன்னொன்றை மாமியார் சாவிக்கொத்து மாட்டும் ஆணியிலேயே மாட்டிவிட்டார். இரண்டும் ஒட்டிக்கொண்டு, பீரோ திறக்கவே இப்போதெல்லாம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.