புதுப்பிப்பு: முதல் ரோமானியக் காசு, எடை கேட்காமல் வாங்காதீர்கள்

புதிதாகக் காசு சேர்ப்பவர்கள் ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்து வெண்கலக் காசில் தொடங்கலாம் என்று முன்பு எழுதியதில் விட்டுப்போனது இது. காசின் பின்பக்கத்தில் இரு வீரர்களுக்கு நடுவே இரண்டு படைக்கொடிகள் இருந்தால் கி.பி. 330–335, ஒரே கொடி என்றால் அதற்குப் பிந்தியது. முன்னது சுமார் 2.5 கிராம், பின்னது 1.5 கிராம் அளவில்தான். அதனால் எடை, விட்டம், விளிம்புப் படம் மூன்றையும் விற்பவரிடம் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு, எழுத்துகள் மழுங்கி, பரப்பில் குமிழிக் குழிகள்: வார்ப்புப் போலியின் (உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றியது) அடையாளம். அசல் கையால் அடித்தது; ஒரே கீறலும் ஒரே விளிம்பு வெடிப்பும் இரண்டு காசுகளில் வரவே வராது. பழமையைக் காட்டும் பச்சைப் படலத்தையும் அப்படியே நம்பவேண்டாம்: அசிட்டோனில் நனைத்த பஞ்சில் நிறம் இறங்கினால், அது சாயம்.

மண்ணோடு மொத்தமாக விற்கும் ‘கழுவாத காசு மூட்டை’? பெரும்பாலும் நல்லதைப் பொறுக்கிய மிச்சம்தான்.