“தேவையற்ற வகைச் சோதனையை நீக்கினேன்”

பைத்தானில் எழுதப்பட்ட ஒரு கட்டற்ற மென்பொருள் நூலகத்துக்கு வரும் திருத்தங்களைப் படித்துப் பார்ப்பது என் பொறுப்பு. மேலே உள்ள தலைப்போடு வரும் திருத்தங்கள் அண்மையில் கூடிவிட்டன. வகைச் சோதனை என்பது, வந்திருக்கும் மதிப்பு எண்ணா, சரமா (எழுத்துகளின் தொடர்), பட்டியலா என்று நிரலே பார்த்துக்கொள்ளும் வரி. நிரலை ஓட்டாமலே வகைகளைச் சரிபார்க்கும் மைபை கருவியை உரிய அமைப்போடு ஓட்டினால், எந்த வரியை எட்டவே முடியாது என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். நீக்குபவருக்கு ஒரு நிமிட வேலை, படிப்பவருக்குத்தான் பாடு.

சிலவற்றை யோசிக்காமலே ஏற்றுக்கொள்வேன். பைத்தான் 2-இல் முழு எண்ணுக்கு இன்ட், லாங் என்று இரண்டு வகைகள் இருந்தன. பைத்தான் 3-இல் இரண்டும் ஒன்றாகிவிட்டன. லாங் இருந்த இடத்திலெல்லாம் இன்ட் என்று மாற்றிவிட்டுப் போனவர்களின் புண்ணியத்தில், “இது இன்டா, இல்லை இன்டா?” என்று கேட்கும் வரிகள் பழைய நிரல்களில் இன்னும் கிடைக்கின்றன. பைத்தான் 2-க்கான ஆதரவே 2020 ஜனவரி 1-உடன் முடிந்துவிட்டது. தாராளமாக நீக்கலாம்.

வம்பு, ‘ட்ரூ’ (ஆம்), ‘ஃபால்ஸ்’ (இல்லை) என்ற இரண்டே மதிப்புகள் கொண்ட பூல் வகையில் வந்தது. அமைப்புகளைக் கோப்பில் எழுதும் செயற்கூறு அது. மதிப்பு பூல் என்றால் ‘ட்ரூ’ அல்லது ‘ஃபால்ஸ்’ என்று எழுதும். அதற்கு அடுத்த கிளை, இன்ட் என்றால் எண்ணாக எழுதும். பூல் என்பது இன்டின் துணை வகைதானே, இரண்டாவது சோதனையே போதும் என்று முதல் கிளையை ஒருவர் வெட்டியிருந்தார். அவர் சொன்ன தகவல் சரி; 2003-இல் வந்த பைத்தான் 2.3-இலிருந்தே அப்படித்தான். ஆனால் முதல் கிளை போனால் ட்ரூ எல்லாம் கோப்பில் 1 ஆகிவிடும். எங்கள் தானியங்கிச் சோதனைகளில் ட்ரூவைக் கொடுத்துப் பார்ப்பது ஒன்றுகூட இல்லாததால் அத்தனையும் தேறியிருந்தன. “அப்படி ஒரு சோதனையை எழுதி ஓட்டிப் பாருங்கள்” என்று மட்டும் பதில் எழுதினேன். அவரே கிளையைத் திரும்ப வைத்து, புதிய சோதனையையும் சேர்த்து அனுப்பினார். நல்ல மனிதர்.

அதிகம் வாதாட வேண்டியிருந்தது வேறொன்றுக்கு. பெயர்களின் பட்டியலை வாங்கும் செயற்கூறு ஒன்றில், பட்டியலுக்குப் பதில் ஒற்றைச் சரம் வந்தால் உடனே பிழை எழுப்பும் சோதனை இருந்தது. எந்த வகை மதிப்பு வர வேண்டும் என்று நிரலில் எழுதிவைக்கும் வகைக் குறிப்பில்தான் பட்டியல் என்று போட்டிருக்கிறதே, பிறகு இது எதற்கு என்பது கேள்வி. பைத்தான் 3.5-உடன் 2015-இல் பரவலான வகைக் குறிப்புகளை, நிரல் ஓடும்போது பைத்தான் சரிபார்ப்பதில்லை. எங்கள் நூலகத்தைப் பயன்படுத்துபவர்கள் எல்லோரும் மைபை ஓட்டுவார்கள் என்று யார் சொன்னது? பட்டியலுக்குப் பதில் ‘கமலா’ என்ற சரத்தைக் கொடுத்தால், பெயர்களை ஒவ்வொன்றாக எடுக்கும் சுழற்சி அதையும் மறுக்காமல் வாங்கிக்கொள்ளும். க, ம, ல, துணைக்கால் என்று நான்கு பெயர்களாக எடுத்துக்கொள்ளும். பிழை வேறெங்கோ, சம்பந்தமே இல்லாத வரியில் போய் வெடிக்கும்.

ஆகவே இப்போது நான் முதலில் பார்ப்பது, அந்தச் செயற்கூற்றை யார் அழைக்கிறார்கள் என்பதைத்தான். அடிக்கோட்டில் தொடங்கும் பெயருள்ள, எங்கள் நிரல் மட்டுமே அழைக்கும் உட்கூறு என்றால் சோதனை போகலாம். வெளியார் அழைப்பது என்றால் இருக்கட்டும்.

சமரசமாக அந்தச் சோதனையை, நிபந்தனை பொய்யானால் பிழை எழுப்பும் அசெர்ட் வரியாக ஆக்கலாமே என்று இன்னொருவர் கேட்டார். பைத்தானை மேம்படுத்தல் விருப்பத்தோடு ஓட்டினால் அசெர்ட் வரிகள் எல்லாம் காணாமல் போய்விடும். அதனால் அதற்கும் ஒப்பவில்லை.