லென்ஸுக்குள் பார்த்த பூச்சிகளில் இன்னும் மனதை விட்டுப் போகாதது எது?

மாந்தோப்பு, அயோத்தியாபட்டணம்

நானே தொடங்கிவைக்கிறேன். போன சித்திரையில் நடந்தது. எங்கள் மல்கோவா மரத்தில் முசுறு, அதாவது இலைகளை ஒட்டிக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு, கூடு வைத்திருந்தது. கேமராவோடு வந்த கிட் லென்ஸை, சின்னதைப் பெரிதாகக் காட்டுவதற்காக முன்பின்னாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு காலை ஏழு மணிக்கே ஏறிவிட்டேன். (கடி வாங்கிய கதை எல்லாரிடமும் இருக்கும், அதை விடுங்கள்.) இலை விளிம்பில் ஒரு முசுறு இன்னொன்றை வாயில் கவ்விக்கொண்டு போனது. மற்றவை எல்லாம் கேமராவைக் கண்டால் வாயைப் பிளந்துகொண்டு எதிர்த்து நிற்கும். இது மட்டும் நழுவி நழுவி இலைக்கு அடியில் ஒளிந்தது. வெளியே வரட்டும் என்று மெல்ல ஊதினேன். அவ்வளவுதான், இலையிலிருந்து குதித்து ஒரு நூலில் தொங்கியது.

எறும்பு நூலில் தொங்குமா?

தொங்கிக்கொண்டே மெதுவாகச் சுழன்றது. என் பக்கம் திரும்பியபோது முகத்தில் கருகமணி போல இரண்டு பெரிய கண்கள். வாயில் கவ்விய எறும்பு என்று நான் நினைத்தது அதன் தாடைதான். முசுறு வேஷம் போட்ட குதிக்கும் சிலந்தி, அதிலும் ஆண். ஆணுக்குத்தான் தாடை அவ்வளவு நீளம். பார்த்துக்கொண்டே இருந்ததில் பொத்தானை அழுத்தவே மறந்துவிட்டேன். ஒரு படம்கூட இல்லை. அதற்கப்புறம் காய் பறித்து முடியும்வரை தினமும் ஏறினேன். கண்ணில் படவே இல்லை.

மொட்டைமாடித் தொட்டி

உங்களுக்குப் படம்தான் போயிற்று. என்னால் ஒரு உயிர் போனது.

கறிவேப்பிலைத் தொட்டியில் கறிவேப்பிலை அழகி வண்ணத்துப்பூச்சியின் புழு. பறவை எச்சம் மாதிரி இருந்த நாளிலிருந்தே எடுத்துவந்தேன். பச்சையாக மாறிய பிறகு ஈர்க்குச்சியால் தொட்டால் தலைக்குப் பின்னால் சிவப்பாகக் கொம்பு நீட்டி ஒரு வாடை விடுமே, அதையும் எடுத்தாயிற்று. கூட்டுப்புழு ஆனதும்தான் புத்தி கெட்டது. மாடியில் காற்று. படம் ஆடக் கூடாது, பின்னணி கறுப்பாக இருக்க வேண்டும் என்று கிளையை வெட்டி பாட்டிலில் வைத்து, பின்னால் ஒட்டினாற்போலக் கறுப்புத் துணி கட்டி, ஹாலில் கொண்டுவந்து வைத்தேன். கூடு கறுத்து, உள்ளே சிறகின் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்த அன்று இரவு இரண்டு மணிவரை விழித்திருந்தேன். அப்புறம் கண் அசந்துவிட்டது.

ஆறு மணிக்குப் பார்த்தால் வெளியே வந்திருந்தது. துணிக்கும் கிளைக்கும் நடுவே இடம் போதாமல், சிறகு விரிய வழியில்லாமல், கசங்கியபடியே காய்ந்துபோயிருந்தது. தொங்குவதற்குக் கொஞ்சம் இடம், சிறகை விரித்து உலர்த்தக் கொஞ்ச நேரம். அது கேட்டது அவ்வளவுதான். அம்மா சர்க்கரைத் தண்ணீரில் பஞ்சை நனைத்து நீட்டினார். சுருள் நாக்கை நீட்டிக் குடித்தது. கேமரா பக்கத்து மேசையில்தான் இருந்தது. எடுக்கக் கை வரவில்லை. நான்கு நாள் உயிரோடு இருந்தது.

ஐந்து ரோடு

அக்கா, உங்களை நீங்களே இவ்வளவு நொந்துகொள்ள வேண்டாம். மாடியிலேயே விட்டிருந்தால் பிழைத்திருக்கும் என்று யார் சொன்னது? எங்கள் எலுமிச்சையில் ஐந்து கூட்டுப்புழுவைத் தொடாமல்தான் விட்டேன். ஒன்றில் குண்டூசி முனை அளவு ஓட்டை விழுந்து, அதன் வழியே சின்னஞ்சிறு குளவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முப்பதுவரை எண்ணினேன். இன்னும் வந்துகொண்டே இருந்தன. இன்னொன்றைக் குருவி தூக்கிப்போனது. வீட்டுக்குள் வைத்து வளர்ப்பது தப்பே இல்லை, இடம்விட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

தப்பு என்றால் பூச்சியை ஃப்ரிட்ஜில் வைத்து, விறைத்ததும் பூவின்மேல் உட்காரவைத்து எடுக்கிறார்களே, அதுதான் தப்பு. கிளிசரினைத் தெளித்துவிட்டுப் பனித்துளி என்கிறார்கள். அதையெல்லாம் இங்கே போடாதீர்கள்.

சில்வர் ஓக்

வேலையாக வாரம் ஒருமுறை ஏற்காடு போகிறவன். கொண்டை ஊசி வளைவு இருபதையும் விடிவதற்கு முன் ஏறிவிட்டால் பூச்சிகள் குளிரில் அசையாமல் இருக்கும். என் படங்களில் பாதி அப்படி எடுத்தவை. இது நல்ல வெயிலில் நடந்தது. நவம்பர் மாதம், தெரிந்தவர் ஒருவரின் காப்பித் தோட்டம், அரபிகா. அந்த வருடம் நிழல் மரங்களை நிறையக் கழித்துவிட்டதால் செடிகளின் தண்டில் நேராக வெயில் விழுந்தது.

ஒரு தண்டில் வண்டு. ஒன்றரை செ.மீ. இருக்கும். கறுப்புச் சிறகில் சாக்பீஸால் இழுத்த மாதிரி வெள்ளைக் கோடுகள். லென்ஸை நெருக்கினால் அது கோடே இல்லை, படிய வாரிவிட்ட நுண்ணிய வெள்ளை மயிர். பின்னுடலின் நுனியைப் பட்டையின் வெடிப்புக்குள் விடுவதும் எடுப்பதுமாக நகர்ந்தது. முட்டை வைக்கிறது! மூன்று படம் எடுத்தேன், மூன்றிலும் கண் மங்கல். நான்காவதற்கு மூச்சைப் பிடித்தேன். அப்போது வியூஃபைண்டருக்குள் ஒரு கட்டைவிரல் நுழைந்தது. நகத்தில் காப்பிக் கறை, நடுவில் ஒரு வெடிப்பு. வண்டைத் தண்டோடு வைத்து ஒரே அழுத்து. நறுக்கென்ற சத்தம் எனக்குக் கேட்டது.

நிமிர்ந்தால் பழம் பறிக்கும் ஆயா. "இதப் போயி போட்டோ புடிக்கிறியே கண்ணு, இது முட்ட வெச்சா செடியே போச்சு" என்றார். பத்தடி தள்ளி ஒரு செடியைக் காட்டினார். இலையெல்லாம் மஞ்சளடித்து, தண்டில் வளையம் வளையமாகப் புடைத்திருந்தது. உள்ளே புழு குடைந்த தடம். இனி அதை வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டியதுதான். விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு கூடையோடு போய்விட்டார்.

காப்பிக்காரர்கள் எல்லாரும் பயப்படும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் அது என்று அப்புறம்தான் தெரியும். விரல் வந்த நொடியில் நான் பொத்தானை அழுத்தியிருக்கிறேன். அந்த ஒரு படம்தான் துல்லியம், கட்டைவிரல் ரேகை உட்பட. அழித்துவிடலாம் என்று இரண்டு முறை போய்த் திரும்பிவிட்டேன்.

கன்னங்குறிச்சி

தம்பி, மூன்றிலும் கண் மங்கல் என்றீர்கள், அதனால் சொல்கிறேன். 1:1 உருப்பெருக்கத்தில் (பூச்சி தன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழுவது) அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித்துளையை, எஃப் 11 வரை சுருக்கினாலும் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 1 மி.மீ.தான். ஆட்டோ ஃபோகஸை மறந்துவிடுங்கள். ஃபோகஸ் வளையத்தை ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் அசைத்து, கண் தெளிகிற நொடியில் அழுத்த வேண்டும். இடது கையால் அந்தக் கிளையையே பிடித்து, அதே கைமேல் லென்ஸைச் சாய்த்துக்கொள்ளுங்கள். காற்றில் கிளை ஆடினால் கேமராவும் கூடவே ஆடும், படம் ஆடாது. எஃப் 16-ஐத் தாண்டிப் போகாதீர்கள், படம் குழைந்துவிடும். ஃப்ளாஷ் கட்டாயம் வேண்டும், 1/200 நொடி. முன்னால் ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசர் இல்லாவிட்டால் வண்டின் முதுகில் வெள்ளைத் திட்டு விழும். நான் பழைய தெர்மாகோல் பெட்டியின் மூடியை வெட்டி, டிரேசிங் பேப்பர் ஒட்டி வைத்திருக்கிறேன், பத்து ரூபாய் செலவு. மாந்தோப்புக்காரருக்கும் ஒன்று. லென்ஸைத் திருப்பிப் போடுகிறவர்கள், கேனானாக இருந்தால், முதலில் நேராக மாட்டி எஃப் 8 வைத்து, டெப்த் பிரிவியூ பொத்தானை (ஒளித்துளையைச் சுருக்கிக் காட்டுவது) அழுத்திப் பிடித்தபடியே கழற்றுங்கள். அப்பர்ச்சர் அப்படியே நின்றுவிடும்.

என் அனுபவம் என்றால் ஒரு கும்பிடுபூச்சிதான். செம்பருத்தியில் இருந்தது. நான் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அதன் கண்ணில் இருந்த கரும்புள்ளி என்னையே தொடர்ந்தது. அது உண்மையான கண்மணி இல்லை, நம் திசைக்கு நேராக இருக்கும் கண்ணறைகள் ஒளியை விழுங்குவதால் அப்படித் தெரிகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று முழுக்க அது என்னைப் பார்த்த மாதிரியே இருந்தது.

சில்வர் ஓக்

நன்றி அண்ணா, டிஃப்யூசரைக் கட்டாயம் செய்து பார்க்கிறேன். ஆனால் என்னை உறுத்துவது ஃபோகஸ் இல்லை. ஆயா வராமல் இருந்திருந்தால் அது முட்டை வைத்து முடிக்கும்வரை நான் எடுத்துக்கொண்டே இருந்திருப்பேன். வண்டைத் தட்டிவிட்டிருக்கக்கூட மாட்டேன். அந்தச் செடி அவருக்குக் கூலி.

மொட்டைமாடித் தொட்டி

மாந்தோப்பு அண்ணா, உங்கள் பழைய முசுறுப் படங்களை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்களேன். அந்தச் சிலந்தி முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு மாதிரித் தூக்கி ஆட்டிக்கொண்டு நடக்கும், அதனால் வெறும் கண்ணுக்கு ஆறு கால்தான் தெரியும். பெண் சிலந்திக்கு அந்த நீளத் தாடையும் கிடையாது. கூட்டத்தில் நின்றால் யார் கண்டார்கள்?

மாந்தோப்பு, அயோத்தியாபட்டணம்

நேற்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். நானூறு படத்துக்கு மேல். 2023 மே மாதத்துப் படம் ஒன்று, கூடு கட்டும்போது எடுத்தது. பத்துப் பன்னிரண்டு முசுறு வரிசையாக நின்று இரண்டு இலையின் ஓரத்தைப் பல்லால் இழுத்துப் பிடிக்க, ஒன்று மட்டும் வாயில் தன் கூட்டத்துப் புழுவை வைத்துக்கொண்டு அதன் பட்டால் ஒட்டுகிறது. அந்தப் படத்தின் மேல் மூலையில், ஃபோகஸுக்கு வெளியே, தனியாக ஒன்று நிற்கிறது. பெரிதாக்கிக் காலை எண்ணினேன். மனைவியைக் கூப்பிட்டு அவளையும் எண்ணச் சொன்னேன். எட்டு.