மும்பைக்கு முதல் தடவை, தனியா: எந்த ஆப்பை எதுக்கு நம்பலாம்?

கோவை_நிலா

கோயம்புத்தூர்ல இருந்து எல்டிடி (லோக்மான்ய திலக் டெர்மினஸ்) எக்ஸ்பிரஸ்ல போறேன்ங்க. அந்தேரி கிழக்குல, சகாலா மெட்ரோ பக்கம் மூணு வாரம் ட்ரெயினிங். தங்கறதும் அங்கேயே. கூட யாரும் வரலை, ஹிந்தி சுமாராத்தான் வரும். போன்ல கூகுள் மேப்ஸும் ஊபரும் மட்டும் இருக்கு. வேற என்ன போட்டுக்கணும்? நெட் இல்லாத இடத்துல என்ன பண்றது? லீவு நாள்ல மாதுங்காவும் சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்) பக்கமும் போகணும். லோக்கல் ட்ரெயின் பத்தி எதுவுமே தெரியாது.

சயான்வாசி

முதல் நாள் லக்கேஜோட லோக்கல் பக்கமே போகாதீங்கம்மா. மும்பையில சயான், பாந்த்ராவுக்குத் தெற்கே ஆட்டோ கிடையாது, டாக்ஸிதான். எல்டிடி அதுக்கு வடக்கே இருக்கறதால ஆட்டோ கிடைக்கும், சகாலா வரைக்கும் நேரா போயிடலாம். மீட்டர் 26 ரூபாய்ல ஆரம்பிக்கும், அது முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு. மீட்டர் போடறது அங்க சாதாரண வழக்கம். டெர்மினஸ் வாசல்லயே வந்து கூப்பிடறவங்க மட்டும் மொத்தமா ஒரு தொகை சொல்லுவாங்க. ஊபர்ல என்ன காட்டுதுன்னு முதல்ல பார்த்து வெச்சுக்கிட்டுப் பேசுங்க.

எந்த ஆப்பைத் திறந்தாலும் அதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் தெரிஞ்சிருக்கணும்: நீங்க போற இடம் எந்த லைன்ல இருக்கு, தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் இருக்கு. மும்பை புறநகர்ல பெரும்பாலும் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் கிழக்கு, மேற்குன்னு ரெண்டு ஊர் மாதிரி. வெறும் 'அந்தேரி'ன்னு தேடினா ஆப் எந்தப் பக்கத்தை வேணாலும் காட்டும். தப்பான பக்கம் இறங்கிட்டா மேம்பாலம் ஏறி இறங்கணும், ஆட்டோன்னா பெரிய சுத்து. பின்கோடைப் பாருங்க: 400069, 400093 எல்லாம் அந்தேரி கிழக்கு, 400053, 400058 மேற்கு. ட்ரெயினிங் நடத்தறவங்ககிட்ட வாட்ஸ்அப்ல லொகேஷனே அனுப்பச் சொல்லி, மேப்ஸ்ல சேவ் பண்ணிடுங்க. ஒரே கம்பெனிக்கு நாலு இடத்துல ஆபீஸ் இருக்கற ஊர் அது, பேரை வெச்சுத் தேடாதீங்க.

லோக்கலுக்கு எம்-இண்டிகேட்டர்னு ஒரு ஆப் போடுங்க. டைம்டேபிள் போன்லயே இருக்கும், நெட் இல்லாமலும் பார்க்கலாம். லைனைத் தேர்ந்தெடுத்து, ஏறுற ஸ்டேஷனைக் குடுத்தா ஒவ்வொரு வண்டிக்கும் நேரம், கடைசியா போற ஊர், ஸ்லோவா ஃபாஸ்ட்டான்னு வரும். வண்டியைத் தொட்டா நிக்கற ஸ்டேஷன் வரிசை தெரியும். ஏறுறதுக்கு முன்னாடி அந்த வரிசையில உங்க ஸ்டேஷன் இருக்கான்னு பார்த்தே ஆகணும். புதுசா வர்றவங்க மாட்டறது இங்கதான்: திசை சரியா இருக்கும், ஆனா ஃபாஸ்ட் வண்டி அவங்க ஸ்டேஷன்ல நிக்காமப் போயிடும். பிளாட்பாரத்து இண்டிகேட்டர்லயும் எஸ், எஃப்னு போடும். ஆப்ல இருக்கறது அட்டவணை நேரம், பிளாட்பாரத்துல இருக்கறது நடப்பு. ரெண்டும் ஒத்துப்போகலைன்னா பிளாட்பாரத்தை நம்புங்க.

உங்க ரெண்டு பயணத்துக்கும் வழி:

மாதுங்காவுக்கு: சகாலால மெட்ரோ 1 ஏறி காட்கோபர் கடைசி ஸ்டேஷன். பாலம் வழியா ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய், சிஎஸ்எம்டி பக்கம் போற ஸ்லோ வண்டி. வித்யாவிஹார், குர்லா, சயான், அடுத்தது மாதுங்கா. இது சென்ட்ரல் லைன். 'மாதுங்கா ரோடு'ங்கறது வெஸ்டர்ன் லைன்ல இருக்கற வேற ஸ்டேஷன். மேப்ஸ் சில நேரம் அதுக்கு அனுப்பும். நம்ம ஊர் மெஸ், பூக்கடை எல்லாம் சென்ட்ரல் மாதுங்காவுக்குக் கிழக்கே.

சிஎஸ்எம்டிக்கு: லோக்கலே வேண்டாம். சகாலால இருந்து ரெண்டாவது ஸ்டேஷன் மரோல் நாக்கா. அங்க மெட்ரோ 3-க்கு மாறினா நேரா சிஎஸ்எம்டி. 2025 அக்டோபர்ல கஃப் பரேடு வரைக்கும் முழுசா திறந்துட்டாங்க. அதுக்கு முன்னாடி எழுதின வழிகாட்டிகள்ல இந்த வழி இருக்காது.

வரைபடப்பிரியை

சயான்வாசி அண்ணா ரயிலைப் பத்திச் சொல்லிட்டார். நான் மேப்ஸோட எல்லைகளைச் சொல்றேன்.

கிளம்பறதுக்கு முன்னாடி வைஃபைல ஆஃப்லைன் மேப் இறக்கிடுங்க: உங்க படத்தைத் தொட்டு, ஆஃப்லைன் மேப்ஸ் போய், கட்டத்தை மும்பை முழுசும் அடங்கற மாதிரி இழுத்து டவுன்லோடு. ஆனா ஆஃப்லைன்ல கார் வழி மட்டும்தான் சொல்லும். நடக்கற வழி, பஸ், ரயில் எதுவும் வராது. ஒருவழிப் பாதைக்காகக் கார் வழி சுத்திப் போகும், அதைப் பார்த்து நடந்தா வீணா அலைவீங்க. அதனால நடக்கற வழியை நெட் இருக்கறப்பவே போட்டு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கங்க. நீலப் புள்ளிக்கு நெட் தேவையில்லை, ஜிபிஎஸ் போதும். புள்ளியையும் ஆஃப்லைன் மேப்பையும் வெச்சே தெரு தெருவா நடந்துடலாம்.

ஸ்டேஷனை விட்டு வெளிய வந்ததும் கால் எடுத்து வைக்காதீங்க. நீலப் புள்ளியில இருந்து ஒரு ஒளிக்கற்றை விரியும் பாருங்க. அது அகலமா இருந்தா போனுக்கு நீங்க எந்தப் பக்கம் பார்த்து நிக்கறீங்கன்னு தெரியலைன்னு அர்த்தம். இரும்புக் கூரை, தண்டவாளம் பக்கத்துல திசைகாட்டி குழம்பும். கூரையை விட்டு வெளிய வந்து, புள்ளியைத் தொட்டு கேலிப்ரேட் குடுத்து, போனை எட்டு போடற மாதிரி சுத்துங்க. கற்றை ஒடுங்கும். அப்புறமும் இருபது அடி நடந்து, புள்ளி நகர்ற திசை சரியான்னு பாருங்க.

ஜிபிஎஸ்ஸுக்கு உயரம் பிடிபடறது கஷ்டம். வெஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவே ஓரமா நின்னு ஊபர் போட்டா, உங்க இடத்தைக் காட்டற மேப் பின் ஃப்ளைஓவர் மேலயோ, எதிர்ச்சாரியிலயோ விழும். டிரைவர் மேல போயிடுவார், நீங்க கீழ நிப்பீங்க. பின்னைக் கையால நகர்த்தி சர்வீஸ் ரோட்டுல, ஒரு கடை வாசல்ல வைங்க. ஏறும்போது வண்டி நம்பரைப் பாருங்க. அப்புறம்தான் ஆப்ல வர்ற ரகசிய நம்பரை டிரைவர்கிட்ட சொல்லணும்.

மெட்ரோ 3-ல நீங்க போற வழி முழுக்க நிலத்தடி. உள்ளே சிக்னல் இருக்கும்னு எண்ணிப் போகாதீங்க, டிக்கெட்டை மேலயே எடுத்துட்டு இறங்குங்க. 'மும்பை ஒன்' ஆப்ல மெட்ரோவுக்கும் பெஸ்ட்ங்கற மும்பை டவுன் பஸ்ஸுக்கும் டிக்கெட் கிடைக்கும். பஸ் எங்க வருதுன்னு பார்க்க சலோ ஆப். நெட் இல்லைன்னா யுபிஐயும் இல்லை, பத்து ரூபாய் நோட்டு கொஞ்சம் கையில இருக்கட்டும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒண்ணு அவசியம். டிக்கெட் போன்ல இருக்கற ஊர்ல சார்ஜ் தீர்றது சின்ன விஷயம் இல்லை.

முக்கியமா, லோக்கல் வாசல்ல நின்னு போன் பார்க்காதீங்க. வண்டி மெதுவா போற இடத்துல தண்டவாள ஓரம் நின்னு கையில கம்பால அடிச்சு போனைத் தட்டிப் பறிக்கறவங்க உண்டு. எடுக்கப் போய் விழுந்தவங்களும் உண்டு. பார்க்கறதை எல்லாம் பிளாட்பாரத்துல சுவர் ஓரமா நின்னு பார்த்துட்டு, ஏறினதும் பையில போட்டு ஜிப்பை மூடிடுங்க.

கோவை_நிலா

ரொம்ப நன்றிங்க. லோக்கல் டிக்கெட்டையும் போன்லயே எடுக்கலாமா? ஞாயித்துக்கிழமை போனா கூட்டம் கம்மியா இருக்குமா?

சயான்வாசி

டிக்கெட்டுக்கு ரெயில்ஒன் ஆப். 2025 ஜூலையில ரயில்வே கொண்டுவந்தது. முன்பதிவில்லா டிக்கெட் பகுதியில ரெண்டு ஸ்டேஷனையும் குடுத்து எடுக்கலாம், இரண்டாம் வகுப்பு 5 ரூபாய்ல ஆரம்பம். ஸ்டேஷனுக்குள்ள நுழைஞ்சப்புறம் காகிதமில்லா டிக்கெட் எடுக்க விடாது. பரிசோதகரைப் பார்த்ததும் டிக்கெட் எடுக்கறதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. தண்டவாளத்தை விட்டுத் தள்ளி, ரோட்டுல நின்னு லொகேஷனை ஆன் பண்ணி எடுங்க. பரிசோதகர் கேட்டா ஆப்பைத் திறந்துதான் காட்டணும், ஸ்க்ரீன்ஷாட் செல்லாது. சார்ஜ் போயிடுச்சுன்னா டிக்கெட் இல்லாத பயணம்தான்: கட்டணத்தோட குறைஞ்சது 250 ரூபாய் அபராதம். சந்தேகமா இருந்தா கவுண்ட்டர்ல காகித டிக்கெட்டே வாங்கிடுங்க.

ஞாயித்துக்கிழமை கூட்டம் கம்மிதான், ஆனா மெகா பிளாக் இருக்கும். பராமரிப்புக்காகக் காலை பத்து, பதினொண்ணுல இருந்து சாயங்காலம் வரைக்கும் சில தண்டவாளங்களை மூடுவாங்க. ஸ்லோ வண்டியை ஃபாஸ்ட் தண்டவாளத்துல விட்டா, அதுல பிளாட்பாரம் இல்லாத ஸ்டேஷன்கள்ல நிக்காது. மாதுங்கா வழியா போற சென்ட்ரல் லைன்லயும் இது நடக்கும். எம்-இண்டிகேட்டர்ல மெகா பிளாக் அறிவிப்பு வரும், சனிக்கிழமை ராத்திரியே பாருங்க. மாதுங்கால நிக்காதுன்னா தாதர்ல இறங்கி டாக்ஸி பிடிச்சுக்கலாம்.

தாதர்ல இன்னொண்ணு. 2023 டிசம்பர்ல பிளாட்பார நம்பரை மாத்திட்டாங்க. முன்னாடி ரெண்டு லைன்லயும் ஒண்ணுல இருந்து தொடங்கும், இப்போ வெஸ்டர்னுக்கு 1-ல இருந்து 7, சென்ட்ரலுக்கு 8-ல இருந்து 14. பழைய வீடியோவுல 'சென்ட்ரல் ஒண்ணாம் பிளாட்பாரம்'னு சொன்னா அது இப்போ எட்டு.

லேடீஸ் பெட்டி எங்க நிக்கும்னு பிளாட்பாரத்துலயே பலகை தொங்கும். அதுக்கு நேரா நின்னுக்கங்க. காட்கோபர்ல காலை எட்டு மணிக்கு மேல பதினொண்ணு வரைக்கும் சிஎஸ்எம்டி பக்கம் போற வண்டியில ஏறவே முடியாது, அந்த நேரத்தை மட்டும் தவிர்த்துடுங்க.