என்.எஸ்.எஸ். மாணவர்கள் தொடர்ந்து வர என்ன செய்யலாம்?

வணக்கம். பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்குப் பாடம் வாசித்துப் பதிவு செய்து கொடுப்பது, தேர்வெழுத ஆள் பிடித்துத் தருவது என்று மதுரையில் ஒரு சின்ன அமைப்பு நடத்துகிறோம். பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் வருகிறார்கள். வந்தால் ஒரே நாளில் ஐம்பது பேர்! பேனர், குரூப் போட்டோ, டீ முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். எங்களுக்கு வேண்டியது வாரம் தவறாமல் வரும் நாலைந்து பேர்தான்.

பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. ஆண்டுக்கு 120 மணி நேரம், 7 நாள் சிறப்பு முகாம் என்று அவர்களுக்கும் கணக்கு இருக்கிறது. வீட்டிலிருந்தே செல்போனில் பாடத்தைப் பதிவு செய்யும் நேரத்தையும் அந்த 120 மணியில் சேர்க்கத் திட்ட அலுவலரை யாராவது சம்மதிக்க வைத்திருக்கிறீர்களா? எப்படி?

பெரிய தலைவலி தேர்வுக் காலம்தான். எங்கள் பிள்ளைகளுக்குத் தேர்வு நடக்கும் அதே நாளில் தன்னார்வலர்களுக்கும் தேர்வு. அட்டவணை வேறாக இருக்கும் தன்னாட்சிக் கல்லூரி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறோம். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், கல்லூரியோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டவர்கள் இருந்தால், மூன்றாம் ஆண்டு மாணவர் போகும்போது அடுத்தவரைப் பழக்கும் பொறுப்பை யாரிடம் வைத்தீர்கள்? மாதிரிப் படிவம் கிடைத்தால் பெரிய உதவி.