மெடிச்சி மாளிகையை நீட்டியது சரியா?

கல்தச்சன்:
இத்தாலியின் புளோரன்ஸில் உள்ள மெடிச்சி ரிக்கார்டி மாளிகையின் முகப்பு முழுவதும் 15ஆம் நூற்றாண்டு வேலை என்று பலர் நினைக்கிறார்கள். வங்கி நடத்திய செல்வந்தர் கோசிமோ தெ மெடிச்சிக்காகக் கட்டடக் கலைஞர் மிக்கெலொட்சோ 1444இல் கட்டத் தொடங்கிய வீட்டில், பெரிய தெருவைப் பார்த்த மாடியில் 10 ஜன்னல்கள்தான். 1659இல் அதை வாங்கிய ரிக்கார்டி குடும்பம் வடக்கே நீட்டி 17 ஆக்கியது. கீழ்த்தளத்தில் புடைத்து நிற்கும் முரட்டுக் கல், நடுவில் இடுக்கு மட்டும் தெரியும் செதுக்கிய கல், மேலே வழவழப்பான சுவர், உச்சியில் ரோமானியப் பாணிக் கொடுங்கை (முன்னே நீளும் கூரை விளிம்பு). எல்லாமே கண்ணை மேலே இழுக்கப் போட்ட கணக்கு. அகலம் கூடியதும் அந்த இறுக்கம் போய்விட்டது. என்னைப் பொறுத்தவரை இது சேதம்தான்.

நிலைக்கதவு:
சேதம் என்பது அநியாயம். அது பரோக் காலம், ஆடம்பர அலங்காரம் கொடிகட்டிப் பறந்த காலம். மாளிகைக்குள்ளே ஓவியர் லூக்கா ஜோர்தானோவை வைத்துக் கூடத்தின் விதானம் முழுக்க ஓவியம் தீட்டியவர்கள், வெளியே மட்டும் 200 ஆண்டுப் பழைய கல் வரிசையை மதித்துத் தொடர்ந்தார்கள்.

கல்தச்சன்:
அதனால்தான் எது யாருடையது என்றே தெரியவில்லை. வேறு பாணியில் கட்டியிருந்தால் பழையது தனியாகத் தெரிந்திருக்கும்.

நிலைக்கதவு:
இப்போதும் தெரியும். ஜன்னல் வளைவுக்குள் பாருங்கள்: பழைய பகுதியில் மெடிச்சிகளின் குடும்பச் சின்னமான உருண்டைகள், புதியதில் ரிக்கார்டிகளின் சின்னமான சாவி. அப்புறம், மெடிச்சிகளே தங்கள் வீட்டை மாற்றினார்களே! மூலையில் தெருவுக்குத் திறந்திருந்த மண்டபத்தை 1517 வாக்கில் அடைத்து, மிக்கேலாஞ்சலோ வடிவமைத்ததாகச் சொல்லப்படும் ஜன்னல்களை வைத்தார்கள். அதையும் சேதம் என்பீர்களா?

தேன்மொழி:
முகப்பில் நான் நிலைக்கதவு பக்கம். ஆனால் ரிக்கார்டிகளை ஒரேயடியாகப் புகழ முடியாது. ஓவியர் பெனோட்சோ கொட்சோலி 1459இல், குழந்தை இயேசுவைக் காணச் சென்ற மூன்று அரசர்களின் பயணத்தைத் தீட்டத் தொடங்கிய சிற்றாலயம் உள்ளே இருக்கிறது. புதுப் படிக்கட்டுக்கு இடம் வேண்டும் என்று அதன் ஒரு மூலையை உள்ளே தள்ளி, சுவரோவியத்தையே வெட்டினார்கள். அதைப் பார்த்தால் இன்றும் வயிறு எரிகிறது.

நிலைக்கதவு:
சிற்றாலயத்தை வெட்டியதற்கு நானும் வக்காலத்து வாங்க மாட்டேன்.

கல்தச்சன்:
பார்த்தீர்களா? அதை வெட்டியவர்களும் முகப்பை நீட்டியவர்களும் ஒரே குடும்பம்தான். சொந்த வசதிதான் அவர்களுக்கு முதலில். வெளியே அந்த வசதிக்குப் பழைய கல் பொருந்திப்போனது, அவ்வளவே. அதை மரியாதை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நிலைக்கதவு:
1814இல் அரசு வாங்கும்வரை அது ரிக்கார்டிகளின் சொந்த வீடு. குடியிருப்பவர்கள் வசதி பார்க்கத்தான் செய்வார்கள். அந்த வசதிக்காக எதை உடைத்தார்கள், எதைத் தொடர்ந்தார்கள் என்று தனித்தனியாகத்தான் எடைபோட வேண்டும். முகப்பில் அவர்கள் உடைக்கவில்லை.