அராக்னியின் அப்பாவும் தாலோஸின் ஆட்டுக்காரப் பையனும்: கிரேக்கப் புராணத்திலிருந்து சொந்தப் படக்கதை செய்த அனுபவங்கள்

கரிக்கோல்:

கிரேக்கப் புராணம் என்றாலே ஸியூஸ், இடி, ஒலிம்பஸ் மலை என்று ஆரம்பித்துவிடுவோம். அதில் புதிதாக வரைய எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. எல்லாத் தாடியும் யாரோ ஏற்கெனவே வரைந்த தாடிதான். சரி, சாமிகளை விட்டுவிடலாம், கதையின் ஓரத்தில் ஒரே வரியில் வந்துபோகிற ஆள் யாராவது அகப்படுவாரா என்று தேடினேன். அகப்பட்டவர் இட்மோன்.

அராக்னியைப் பலருக்குத் தெரிந்திருக்கும். நெசவில் அந்தக் கலையின் தெய்வமான அதீனாவோடு போட்டி போட்டு, கடைசியில் சிலந்தியானவள். அவளுடைய அப்பாதான் இட்மோன். கோலோஃபோன் ஊர்க்காரர், ஃபோக்கேயாவின் ஊதாச் சாயத்தில் கம்பளியை முக்கி எடுக்கிறவர், மனைவியை இழந்தவர் என்கிறார் ரோமானியக் கவி ஓவிட். இரண்டு ஊரும் இன்றைய துருக்கியின் இஸ்மிர் பக்கம் இருந்தவை. அதோடு சரி. மகள் சிலந்தியான பிறகு அந்த மனிதர் என்ன ஆனார்? ஓவிட்டிடம் பதில் இல்லை. என் படக்கதை அங்கேதான் தொடங்குகிறது.

ஓவிட்டின் கதையில் அராக்னி நெய்த துணியில் குறையே இல்லை. பொறாமையே வந்து பார்த்தாலும் குற்றம் சொல்ல முடியாது என்று எழுதுகிறார். அவள் நெய்ததெல்லாம் தேவர்கள் பெண்களை ஏமாற்றிய கதைகள். காளையாக வந்து யூரோப்பாவைத் தூக்கிப்போனது, அன்னமாக லீடாவிடம் போனது என்று இருபது காட்சிக்கு மேல் இருக்கும். அதீனா அதைக் கிழித்துப்போட்டு, நாடாக்கட்டையால் அவள் நெற்றியில் அடிக்கிறாள். கிழிந்த அந்தத் துணி என் கதையில் தரையிலேயே கிடக்கிறது. தெய்வம் கிழித்ததைத் தொட ஊரில் எவருக்கும் துணிச்சல் இல்லை. ஊர் திரும்பும் இட்மோன் உட்கார்ந்து நூல் நூலாகப் பிரிக்கிறார். நூலுண்டை பெரிதாகப் பெரிதாக ஒவ்வொரு காட்சியும் மறைந்துகொண்டே வருகிறது. ஒரு பக்கத்தில் காளைக்குத் தலை இருக்காது, அடுத்த பக்கத்தில் வெறும் கடல். வசனம் ரொம்பக் குறைவு.

இதில் என்னை ஆட்டிவைத்தது தறி. பழைய கிரேக்கத் தறி நம் குழித்தறி மாதிரி படுத்திருக்காது. சுவரில் சாய்த்த இரண்டு கம்பங்கள், மேலே ஒரு குறுக்குக்கட்டை. அதிலிருந்து பாவு, அதாவது நீளவாட்டு நூல், தொங்கும். நூல் விறைப்பாக நிற்பதற்காக அடியில் களிமண் குண்டுகளைக் கட்டுவார்கள். நெசவு மேலிருந்து கீழே இறங்கும், குறுக்கே ஓடும் ஊடை நூலை மட்டும் மேல்நோக்கி அடித்து இறுக்க வேண்டும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பொ.ஆ.மு. 550-530 வாக்கில் செய்த எண்ணெய்க் குப்பி ஒன்று இருக்கிறது, ஒரு சாண் உயரம்கூட வராது. வரைந்தவரின் சொந்தப் பெயர் தெரியாததால் ஆய்வாளர்கள் 'அமாசிஸ் ஓவியர்' என்று வைத்திருக்கிறார்கள். அதில் பெண்கள் கம்பளியை நிறுக்கிறார்கள், நூற்கிறார்கள், துணி மடிக்கிறார்கள். நடுவே தறிக்கு முன்னால் இரண்டு பேர் நிற்கிறார்கள், அடியில் குண்டுகள் வரிசையாகத் தொங்குகின்றன. எனக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு குப்பியிலேயே கிடைத்துவிட்டது. (வெலாஸ்கஸ் 1650களில் தீட்டிய அராக்னி ஓவியத்தில் ராட்டை சுழலும். பழைய கிரேக்கத்தில் ராட்டை ஏது? ஆனால் அந்த ஓவியத்தின் முன்னால் அதையெல்லாம் யார் கேட்கப்போகிறார்கள்.)

நின்று, இங்கும் அங்கும் நடந்து நெய்கிறவளின் காலடியில் மண் தரை தேயும் இல்லையா? தறிக்கு முன்னால் ஒரு வழவழப்பான தடம் போட்டேன். இட்மோன் முதல் சில பக்கங்களில் அதைத் தாண்டித் தாண்டித்தான் நடப்பார். அவருடைய துக்கத்துக்கு முகபாவமே தேவைப்படவில்லை.

சாயத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த ஊதா கடல் நத்தையிலிருந்து வருவது. 1909இல் ஃப்ரீட்லாண்டர் என்ற வேதியியலாளர் 12,000 நத்தைகளிலிருந்து எடுத்த சாயம் வெறும் 1.4 கிராம். சாயப்பட்டறை நாற்றமும் சாதாரண நாற்றமில்லை. எடுத்தவுடன் வெளிறிக் கிடக்கும் சாறு, காற்றும் வெயிலும் பட்டு மஞ்சள், பச்சை என்று மாறிக் கடைசியில் ஊதாவாகும். என் கதையில் நேரம் நகர்வதை இந்த நிறமாற்றத்தை வைத்தே காட்டிவிட்டேன்.

சிலந்தியாவதற்கு முன்னால் அராக்னி தூக்கு மாட்டிக்கொள்ளும் இடத்தில்தான் ரொம்பத் தயங்கினேன். பிள்ளைகளும் படிப்பார்கள். கயிறே வரையவில்லை. ஒரு முழுப் பக்கத்துக்கும் தறிக் குண்டுகள் மட்டும், அதில் ஒன்று அறுந்து தரையில். பெரியவர்களுக்குப் புரிந்தது. பிள்ளைகள் "ஒண்ணு ஏன் கீழே கிடக்கு?" என்று கேட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்கள்.

மசிக்குப்பி:

அக்கா, அந்தத் தேய்ந்த தடம் அருமை. நான் செய்தது தாலோஸ் கதை. கிரீட் தீவைக் காவல் காக்கும் வெண்கல ராட்சதன், நாளுக்கு மூன்று முறை தீவைச் சுற்றுவான், அந்நியக் கப்பல் வந்தால் பாறையை எடுத்து எறிவான். உடம்பில் ஒரே நரம்பு. கணுக்காலில் அதன் வாய் திறந்துகொண்டதும் ஈயக் குழம்பு மாதிரி உயிர் வடிந்து செத்துப்போகிறான். கப்பலில் வந்த மந்திரக்காரி மெதேயாவின் வேலை. எனக்கு மெதேயாவும் வேண்டாம், கப்பலில் வந்த வீரர்களும் வேண்டாம். கரையோரம் ஆடு மேய்க்கும் ஒரு பையன் போதும். தாலோஸ் முதல் சுற்று வந்தால் பால் கறப்பான், இரண்டாம் சுற்றில் சாப்பாடு, மூன்றாம் சுற்றில் ஆடுகளைப் பட்டியில் அடைப்பான். ஒருநாள் மூன்றாம் சுற்று வரவில்லை. ஆடுகள் இருட்டியும் மலையிலேயே நிற்கின்றன. கதை அவ்வளவுதான்.

பாணிக்குப் பழைய கிரேக்கத்தின் கரும் உருவப் பானைகளைப் பிடித்துக்கொண்டேன். உருவத்தைக் கறுப்பாகத் தீட்டிவிட்டு, கண், தாடி, ஆடை மடிப்பையெல்லாம் கூர்முனையால் கீறி அடியிலிருக்கும் மண் நிறத்தை வெளியே கொண்டுவருவார்கள். பள்ளியில் எல்லோரும் செய்திருப்போமே, மெழுகு வண்ணத்தின் மேல் கறுப்புப் பூசிக் கீறுவது, அதேதான். ஆரஞ்சு மெழுகை அட்டை முழுக்க அழுத்தித் தேய்த்து, உருவம் வர வேண்டிய இடத்தில் மட்டும் கறுப்பு போஸ்டர் கலர். கலரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விடுங்கள், இல்லையென்றால் மெழுகில் ஒட்டாமல் முத்து முத்தாக நிற்கும். கீற நான் தையல் ஊசியை பென்சில் கட்டையில் செருகி வைத்திருக்கிறேன்.

வசனத்துக்குப் பலூனே போடவில்லை. துணிச்சல் தந்தவர் எக்சீகியாஸ் என்ற பழைய கிரேக்கப் பானை ஓவியர். வாட்டிகனில் இருக்கும் அவருடைய சாடியில் ட்ராய் போர் வீரர்களான அக்கிலீஸும் ஏஜாக்ஸும் பகடை ஆடுகிறார்கள். அக்கிலீஸ் வாயருகே 'நான்கு', ஏஜாக்ஸ் வாயருகே 'மூன்று' என்று எழுதியிருக்கிறது. பொ.ஆ.மு. 540-530 வாக்கில் செய்தது. பலூன் இல்லாமலே யார் என்ன சொல்கிறார் என்று தெரிகிறதல்லவா? நானும் சொற்களை வாயிலிருந்து நேராக ஓடவிட்டேன். ஆனால் தமிழ் எழுத்து இடம் பிடிக்கும். தாலோஸைச் செய்த கொல்லர் தெய்வம் ஹெஃபைஸ்டஸின் பெயர் அவன் தோளில் தொடங்கி அடுத்த கட்டத்துக்குள் போய்விட்டது! அவர் பெயரை எடுத்துவிட்டு 'கொல்லன்' என்றே போட்டேன், அது கதைக்கும் பொருந்திவிட்டது.

வண்ணத்துளி:

கறுப்பும் ஆரஞ்சும் மட்டுமே கிரேக்கம் என்று ஆகிவிடக் கூடாது என்பதற்காக ஒரு வார்த்தை. பளிங்குச் சிலைகளும் முதலில் வெள்ளையாக நிற்கவில்லை. நீலம், சிவப்பு, மஞ்சள் என்று அள்ளிப் பூசியிருந்தார்கள். தொல்லியலாளர்களான பிரிங்க்மன் தம்பதியர் சிலைகளில் எஞ்சிய நிறத் துகள்களை ஆராய்ந்து, வண்ணம் தீட்டிய பிரதிகளைச் செய்தார்கள். 2003இல் மியூனிக்கில் கண்காட்சியாக வைத்தார்கள், பிறகு அது ஊர் ஊராகப் போனது. அதன் படங்களைப் பார்த்த பிறகுதான் எதிரொலியாகிப்போன எக்கோவைப் பற்றிய என் கதையில் கோயிலுக்கு நீல மீசை வைத்த சிங்கத்தை வரைந்தேன். படித்த நண்பர்களில் பாதிப் பேர் "இது கிரேக்கம் மாதிரியே இல்லையே" என்றார்கள். நான் மாற்றவில்லை.

மசிக்குப்பிக்கு ஒரு கேள்வி: மெழுகுப் படத்தை எப்படி ஸ்கேன் செய்தீர்கள்? என் ஸ்கேனர் கண்ணாடியெல்லாம் பிசுக்கு.

மசிக்குப்பி:

ஸ்கேனரே வேண்டாம். ஜன்னலோரம், வெயில் நேராகப் படாத இடத்தில் படத்தைச் சுவரில் ஒட்டி, நேர் எதிரே நின்று கேமராவில் எடுங்கள். மெழுகு பளபளத்தால் அட்டையைக் கொஞ்சம் சாய்த்தால் போதும். கரிக்கோல் அக்கா, இட்மோன் அந்த நூலுண்டையைக் கடைசியில் என்ன செய்தார் என்று சொல்லவே இல்லையே?

கரிக்கோல்:

மறுபடி சாயத்தில் போடுகிறார், தம்பி. எந்த நிறம் என்பதைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.